தூக்கத்தில் துடிப்பு இடைவெளி: நெஞ்சில் ஒட்டும் ஈசிஜி பட்டை, நீண்ட நாள் பயன்பாட்டில்

இரவில் இதயம் 3 விநாடி நின்றதாக ரிப்போர்ட் வந்தால் உடனே பேஸ்மேக்கர் பயம் வந்துவிடுகிறது. எவ்வளவு நேரம் நின்றது என்பதோடு, நிற்பதற்கு முந்தைய நாலைந்து துடிப்புகளையும் பார்க்க வேண்டும். காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

இடைவெளி எல்லா இரவும் வராது. அதனால் உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் ஈசிஜி பதியும் ஹோல்டர் கருவியைவிட, 14 நாள் வரை ஒட்டியிருக்கும் பட்டைக்கு அது சிக்க வாய்ப்பு அதிகம். முடியை மழித்து, தோலைத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒட்ட வேண்டும்; எண்ணெய், பவுடர் கூடாது. வியர்வையில் ஓரம் கிளம்பினால் கோடு தட்டையாகும், மென்பொருள் அதையும் இடைவெளியாக எண்ணிவிடும். பல சேனல் (ஒரே நேரத்தில் பல ஈசிஜி கோடுகள்) பதியும் ஹோல்டரில் ஒன்று தட்டையாக இருந்து மற்றதில் துடிப்பு தெரிந்தால், கோளாறு ஒட்டலில்தான். ஒரே சேனல் உள்ள பட்டையில் இப்படி ஒப்பிட வழியில்லை; அதன் பெரிய குறை இதுதான்.

வழக்கமான ஈசிஜி தாளில் 3 விநாடி என்பது 15 பெரிய கட்டங்கள். துடிப்பு படிப்படியாக மந்தமாகி நின்றால் அது துடிப்பை மந்தமாக்கும் வேகஸ் நரம்பின் வேலை. இளைஞர்களுக்கும் விளையாட்டு வீரர்களுக்கும் தூக்கத்தில் இது சகஜம். முந்தைய டி அலையின்மேல் (துடிப்பின் கடைசியில் வரும் மேடு) சிறு புடைப்பு இருந்தால், முந்திக்கொண்டு வந்து கீழறைக்கு இறங்காமல் போன மேலறைத் துடிப்பு; பெரும்பாலும் பயமில்லை. மேலறைத் துடிப்பைக் காட்டும் பி அலைகள் சீராக வந்துகொண்டிருக்கும்போதே கீழறைத் துடிப்பு மட்டும் திடீரென விட்டுப்போனால் மின்பாதை அடைப்பு என்று சந்தேகிக்க வேண்டும். பகலில் மயக்கமும் சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது.

குறட்டை விடுபவர்களுக்கு மூச்சுத் தடைப்படும்போது துடிப்பு மந்தமாகி, மூச்சு திரும்பியதும் பாய்ந்து ஏறும். இரவு முழுக்க இதே ஏற்ற இறக்கம். இவர்களுக்குத் தூக்கப் பரிசோதனையும், முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கும் சீபேப் கருவியும்தான் முதலில். அமெரிக்க இதயவியல் அமைப்புகளின் 2018 வழிகாட்டுதலும், தூக்கத்தில் மட்டும் வரும், தொந்தரவில்லாத இடைவெளிக்கு வேறு காரணம் இல்லாவிட்டால் பேஸ்மேக்கர் வேண்டாம் என்கிறது.

மருந்துச் சீட்டையும் விடாமல் பாருங்கள். மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின், குளோனிடின் எல்லாமே துடிப்பை மந்தமாக்கும். பலரும் சொல்ல மறப்பது கண்நீர் அழுத்தத்துக்கான டிமோலால் சொட்டு மருந்து: மூக்கு வழியே ரத்தத்தில் கலக்கிறது. சொட்டு விட்டதும் கண்ணை மூடி, மூக்கோரக் கண்மூலையை 2 நிமிடம் அழுத்தினால் அது குறையும். மெட்டோப்ரோலாலையும் குளோனிடினையும் தாமாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது. ரத்த அழுத்தம் எகிறிவிடும்.