ஆர்தர்டேலா, வால்-கில்லா, ஆலைச் சரக்கா? 1930களின் அமெரிக்கக் கைவேலைப் பாத்திரங்களை இனங்காணல்

சுத்தியல் தடம் பதிந்த 1930களின் கிண்ணம் ஒன்று ஏலத்துக்கு வந்தால், அதற்கு அமெரிக்க அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் ரூஸ்வெல்ட்டின் பெயரைச் சூட்டி விலையை ஏற்றும் ஆசை விற்பவருக்கு வந்துவிடுகிறது. அந்தப் பெயரோடு உண்மையான தொடர்புடைய பட்டறைகள் இரண்டு இருந்தன. ஒன்று, மேற்கு வர்ஜீனியாவின் ஆர்தர்டேலில் இயங்கிய மலைநாட்டுக் கைவினைஞர் கூட்டுறவுச் சங்கத்தின் பட்டறை. மற்றொன்று, நியூயார்க் மாநிலத்தின் ஹைட் பார்க்கில் இருந்த வால்-கில். இவற்றுக்கிடையில் பென்சில்வேனியாவின் வென்டல் ஆகஸ்ட் பட்டறைப் பொருள்களும், கையால் அடித்தது போலத் தோற்றம் காட்டும் ஆலைச் சரக்கும் கலந்து நிற்கின்றன. இந்த நான்கையும் பிரித்தறிய முதலில் உலோகத்தையும், அடுத்து வேலைப்பாட்டையும், அதன்பின் முத்திரையையும் பார்த்து, விற்பவர் சொல்லும் கதையைக் கடைசியில் கேட்பதே சரியான வரிசை என்பது என் உறுதியான கருத்து.

இவற்றுள் கூட்டுறவு என்ற சொல்லுக்கு முழுப் பொருத்தமானது ஆர்தர்டேல் வேலைதான். மோனொங்கேலியா மாவட்டத்து நிலக்கரிச் சுரங்கங்கள் மூடப்பட்டு, குடும்பங்கள் பட்டினியில் கிடந்தபோது, நிவாரணப் பணிக்கு வந்த குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவின் தொண்டர்கள் வேலையிழந்த சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கைத்தொழில் கற்பிக்க ஏற்பாடு செய்தார்கள். அந்த முயற்சியில் பிறந்ததே இச்சங்கம். 1933 ஆகஸ்டில் அம்மாவட்டத்தின் ஸ்காட்ஸ் ரன் சுரங்கப் பள்ளத்தாக்கின் நிலையை நேரில் கண்ட எலினார் ரூஸ்வெல்ட் முன்னின்று ஆதரித்ததால், பிரெஸ்டன் மாவட்டத்தில் 165 வீடுகள் கொண்ட ஆர்தர்டேல் குடியிருப்பு உருவானது. சங்கத்தின் மரவேலையும் நெசவும் கொல்லுப்பட்டறையும் அங்கே இடம்பெற்றன. வால்-கில் அப்படிப்பட்டதன்று. எலினாரும் நான்சி குக், மரியன் டிக்கர்மன் ஆகிய அவருடைய தோழியரும் 1920களின் பிற்பகுதியிலேயே, பொருளாதார வீழ்ச்சிக்கு முன்பே, தொடங்கிய தனியார் தொழில் அது. மரச்சாமான்களில் ஆரம்பித்து, 1930களில்தான் ஆர்னல்ட் பெர்கேயின் பொறுப்பில் பியூட்டர் என்னும் வெள்ளீயக் கலவை வேலைக்கு வந்தது.

உலோகத்தைக் கண்டறிவது எளிது. பியூட்டர் என்பது பெரும்பகுதி வெள்ளீயமும், சிறிதளவு ஆன்டிமனியும் தாமிரமும் கலந்த உலோகம். கும்பகோணத்து ஈயச்சொம்பைக் கையில் எடுத்துப் பழகியவருக்கு அதன் கனமும் மென்மையும் மங்கிய வெண்மையும் உடனே பிடிபட்டுவிடும். ஒரே அளவுள்ள அலுமினியப் பாத்திரத்தைவிட அது இரண்டரை மடங்குக்கு மேல் கனக்கும். ஆகவே, கையில் எடுத்ததும் இலேசாக இருக்கும் வெள்ளைத் தட்டை, யார் என்ன சொன்னாலும், ஆர்தர்டேல் பியூட்டர் என்று கொள்ள வேண்டியதில்லை.

வேலைப்பாட்டைப் பார்க்கப் பாத்திரத்தைக் கவிழ்த்து வைத்து, விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடிக்க வேண்டும். தகட்டைக் கடைசல் இயந்திரத்தில் சுழற்றி அச்சின்மேல் அழுத்தி வடித்திருந்தால், நடுப்புள்ளியைச் சுற்றி நுண்ணிய வட்டக் கோடுகள் சீராகத் தெரியும். சுத்தியலால் எழுப்பியதாக இருந்தால், சிறு சிறு தட்டையான முகங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியும் விலகியும் கிடக்கும். வளைவு கூடும் இடத்தில் அவை நெருங்கும், விளிம்பருகே தகட்டின் தடிமன் விரலுக்கே மாறுபட்டுத் தெரியும். கைப்பிடி சேரும் இடத்தையும் உற்றுப் பார்க்கலாம். பியூட்டர் ஏறத்தாழ 250 பாகை செல்சியஸிலேயே உருகத் தொடங்கிவிடுவதால், பற்றவைக்கும்போது சூடு ஒரு கணம் மிஞ்சினாலும் பாத்திரத்தின் ஓரம் கரைந்துவிடும். புதிதாகத் தொழில் கற்றவரின் கை அங்கேதான் வெளிப்படும். வட்டக் கோடுகள் இருப்பதனால் மட்டும் ஒரு பொருளை ஆலைச் சரக்கு என்று தள்ளிவிடக் கூடாது. சிறிய பட்டறைகளும் கடைசலைப் பயன்படுத்தியதுண்டு.

பொருள் அலுமினியமாக இருந்தால் போட்டி வென்டல் ஆகஸ்டுக்கும் ஆலைகளுக்கும் இடையில்தான். 1923இல் இரும்பு வேலையோடு தொடங்கி, 1930களில் குரோவ் சிட்டியில் நிலைபெற்ற அப்பட்டறையில், எஃகு அச்சில் உளியால் கையாலேயே உருவத்தை வெட்டி, அதன்மேல் தகட்டை வைத்துப் பின்பக்கமிருந்து அடித்து உருவேற்றினார்கள். பிறகு புகையூட்டித் துடைத்ததால் பள்ளங்களில் சாம்பல் நிறம் தங்கிப் பூவும் ஊசியிலையும் எழுந்து நிற்கின்றன. அதனால் தட்டின் பின்புறத்தில் அடிகளின் தடம் ஒழுங்கற்றுப் பரவியிருக்கும். ஆலைத் தட்டிலோ ஒரே பள்ளம் ஒரே இடைவெளியில் திரும்பத் திரும்ப வரும். அதே வகையில் இன்னொரு தட்டைப் பக்கத்தில் வைத்தால் பள்ளத்துக்குப் பள்ளம் ஒத்துப்போகும். ராட்னி கென்ட் போன்ற வணிகப் பெயர்களில் பெருமளவில் வந்த பொருள்களிலும் ‘கையால் செய்தது’ என்னும் பொருள்படும் சொற்கள் பொறிக்கப்பட்டிருப்பதால், அந்தச் சொற்களை நான் சான்றாகவே எடுத்துக்கொள்வதில்லை.

ஆர்தர்டேலையும் வால்-கில்லையும் பிரிப்பதுதான் உண்மையிலேயே கடினமானது. இரண்டும் அமெரிக்கக் காலனிக் காலத்து எளிய வடிவங்களைப் பின்பற்றின. நான்சி குக் ஆர்தர்டேலின் வேலைகளிலும் பங்கெடுத்தவர். எனவே, வடிவத்தை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முயல்வது வீண். இங்கே முத்திரையின் தீர்ப்பே செல்லும்: வால்-கில் தன் பெயரைப் பொருளிலேயே பொறித்தது. அந்தப் பெயர் தெளிவாக இருந்து, பள்ளத்துக்குள்ளும் மற்ற இடங்களைப் போலவே பழமையின் மங்கல் படிந்திருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். எழுத்தின் ஓரம் மட்டும் கூர்மையாகப் பளபளத்தால் பின்னால் குத்தியது என்று ஐயுற வேண்டும்.

முத்திரையே இல்லாத பியூட்டர் கிண்ணத்துக்கு ஆர்தர்டேல் என்று பெயர் சூட்டுவதை நான் ஏற்கமாட்டேன். அக்குடியிருப்பில் வாழ்ந்த குடும்பத்திடமிருந்து வந்தது என்பதற்கு ரசீதோ, பழைய புகைப்படமோ, கடிதமோ இருந்தால் நிலைமை வேறு. அப்போது முத்திரையுள்ள வால்-கில் கிண்ணத்தைவிட அதையே நான் உயர்வாக மதிப்பேன், ஏனெனில் சுரங்கத்தில் கரி வெட்டிய கைகள் செய்த பொருள்களில் பெயரோடு அடையாளம் காணக்கூடியவை மிகவும் அரியவை. அத்தகைய ஆவணம் இல்லாதபோது, ‘1930களின் அமெரிக்கக் கைவேலை, பட்டறை தெரியவில்லை’ என்று எழுதி, அதற்குரிய விலையையே கொடுக்க வேண்டும். எதுவாயினும், சோதித்து முடிக்கும்வரை புளியோ மெருகுப்பசையோ போட்டுத் தேய்க்க வேண்டாம். சுத்தியல் முகங்களின் ஓரங்களும் முத்திரையின் பழைய மங்கலும் முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.