பிங்க், நீலம், மஞ்சள்: மூன்று இனிப்புப் பாக்கெட்டுகளின் போட்டி

அமெரிக்க உணவகங்களில் காபி மேசை மீது சர்க்கரையோடு, செயற்கை இனிப்பு அடைத்த மூன்று நிறப் பாக்கெட்டுகள் இருக்கும். பிங்க் என்றால் ஸ்வீட் என் லோ, உள்ளே சாக்கரின். நீலம் என்றால் ஈக்வல், அஸ்பார்டேம். மஞ்சள் என்றால் ஸ்ப்ளெண்டா, சுக்ரலோஸ். எது சுவை, எது சர்க்கரை நோயாளிக்கு நல்லது என்று மட்டும் ஒப்பிட்டால் பாதிக் கதைதான் தெரியும். இவற்றில் ஒவ்வொன்றும் மேலே வந்தது, அதற்கு முன்னால் இருந்ததைப் பற்றி மக்களுக்கு வந்த பயத்தில் ஏறித்தான்.

மூத்தது பிங்க். மூன்றில் எனக்கு மதிப்பு அதிகமும் இதன் மேல்தான். புரூக்ளின் கடற்படைத் தளத்துக்கு எதிரே பெஞ்சமின் ஐசன்ஸ்டாட் ஒரு சிற்றுண்டிச் சாலை நடத்தினார். இரண்டாம் உலகப் போர் முடிந்து தளத்தில் ஆள் குறைந்ததும் வியாபாரம் படுத்துவிட்டது. தேயிலைப் பை போடும் தொழிலுக்கு மாறினார். அந்த இயந்திரத்திலேயே ஒருவேளைச் சர்க்கரையைப் பாக்கெட்டில் அடைக்கலாமே என்று தோன்றியது. காப்புரிமை வாங்காமல் யோசனையை ஒரு பெரிய சர்க்கரை நிறுவனத்திடம் காட்ட, அவர்கள் அதைத் தாங்களே செய்துகொண்டார்கள். அந்த அடிக்குப் பிறகு 1957-ல் அவரும் மகன் மார்வினும் கொண்டுவந்ததுதான் ஸ்வீட் என் லோ. சாக்கரின் 1879-லேயே பால்டிமோரில் கண்டுபிடிக்கப்பட்ட பழைய பொருள். அதைச் சர்க்கரை போலத் தூவக்கூடிய தூளாக்கி, வெள்ளைப் பாக்கெட்டோடு கலந்துவிடாதபடி பிங்க் நிறம் கொடுத்தது இந்தக் குடும்பம்.

ஆரம்பத்தில் அதில் சைக்ளமேட் என்ற இன்னொரு செயற்கை இனிப்பும் இருந்தது. 1969-ல் அமெரிக்க அரசு சைக்ளமேட்டைத் தடை செய்ய, சாக்கரின் மட்டும் மிஞ்சியது. 1977-ல் அதற்கும் ஆபத்து வந்தது. கனடாவில் நடந்த ஆய்வில் எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் கட்டி வந்திருந்தது. உணவில் 5 சதவீதம் சாக்கரின் என்ற கணக்கில் தின்ற எலிகள் அவை. ஆனாலும், விலங்குக்குப் புற்றுநோய் தரும் எதையும் உணவில் சேர்க்கக் கூடாது என்ற 1958-ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டப்பிரிவு அளவைப் பார்க்காது. தடை அறிவிப்பு வந்ததும் சர்க்கரை நோயாளிகள் கொதித்துப்போனார்கள். அன்று அவர்களுக்கு அமெரிக்காவில் சட்டப்படி கிடைத்த செயற்கை இனிப்பு இது ஒன்றுதான். நாடாளுமன்றத்துக்குக் கடிதங்கள் குவிந்தன. தடை நிறுத்திவைக்கப்பட்டது, பாக்கெட்டில் எச்சரிக்கை வாசகம் மட்டும் ஏறியது. ஆண் எலிகளின் சிறுநீரில் படிகங்கள் உருவாகிப் பையின் உள்தோலை அரிப்பதுதான் காரணம், மனித உடலில் அது நடப்பதில்லை என்று பின்னால் தெரிந்தது. 2000-ல் எச்சரிக்கை நீங்கியது. கனடாவில் நடந்தது இதற்கு நேர்மாறு: அங்கே அன்று சாக்கரினுக்குத் தடை, சைக்ளமேட்டுக்கு அனுமதி. அதனால் அங்கே விற்ற பிங்க் பாக்கெட்டுக்குள் இருந்தது சைக்ளமேட்.

அந்த எச்சரிக்கை வாசகம் இருந்த காலம் நீலத்துக்கு நல்ல காலம். அஸ்பார்டேமை 1965-ல் சியர்ல் மருந்து நிறுவனத்தின் ஜேம்ஸ் ஷ்லாட்டர், குடல்புண் மருந்துக்கான வேலையில் இருந்தபோது தற்செயலாகக் கண்டார். 1974-ல் கிடைத்த அனுமதி, ஆய்வுகளின் தரம் பற்றிய ஆட்சேபங்களால் நிறுத்திவைக்கப்பட்டது. 1980-ல் விசாரணைக் குழு, இன்னும் ஆய்வு வேண்டும் என்றது. 1981-ல், அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ.வுக்குப் புதிதாக வந்த ஆணையர் அதை மீறி அனுமதித்தார். அப்போது சியர்லின் தலைவர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட், அரசியலில் ஊறியவர். அஸ்பார்டேம் மேல் இன்றுவரை தீராத சந்தேகத்துக்கு வேதியியலைவிட இந்த வரலாறுதான் அதிகக் காரணம் என்பேன். சுவையில் சாக்கரினின் கசப்பு இதில் இல்லை. அப்புறம் என்ன, பிங்க் பின்னுக்குப் போனது.

மஞ்சளின் பிறப்பு லண்டனில். 1976-ல் குயீன் எலிசபெத் கல்லூரியில் லெஸ்லி ஹஃப்பிடம் ஆய்வு செய்த இந்தியரான சசிகாந்த் பட்னிஸ், சோதித்துப் பார்க்கச் சொன்னதைச் சுவைத்துப் பார்க்கச் சொன்னதாகக் கேட்டுக்கொண்டு நாக்கில் வைத்தார். சர்க்கரை மூலக்கூறில் மூன்று இடத்தில் குளோரின் ஏற்றிய பொருள் அது, இனிப்போ சுமார் 600 மடங்கு. 1998-ல் அமெரிக்க அனுமதி கிடைத்ததும், சர்க்கரையிலிருந்து செய்தது, அதனால் சர்க்கரை போலவே ருசிக்கும் என்று விளம்பரம் செய்தார்கள். ஈக்வலின் உரிமையாளர் மெரிசன்ட் வழக்குப் போட்டது. 2007-ல் பிலடெல்பியாவில் ஜூரியின் தீர்ப்பு வரவிருந்த வேளையில் சமரசம். அந்த விளம்பரம் நேர்மையானதாக எனக்குப் படவில்லை. சர்க்கரையில் தொடங்கினாலும் முடிவில் கிடைப்பது வேறு பொருள். ஆனால் ரசாயனம் என்ற சொல்லுக்கே பயந்திருந்த வாடிக்கையாளர் அதைத்தான் கேட்க விரும்பினார்.

சரி, சமையலறையில் எது? கொதிக்கும் பாயசத்தில் அஸ்பார்டேமைப் போடாதீர்கள், சூட்டில் இனிப்புப் போய்விடும். இறக்கிய பிறகு கலக்கலாம். சாக்கரின் சூடு தாங்கும், ஆனால் கூடினால் கசக்கும். சுக்ரலோஸ் கொதிநிலையைத் தாங்கும். 120 டிகிரிக்கு மேல் சுட்டால் வேண்டாத குளோரின் சேர்மங்கள் உருவாகலாம் என்று ஜெர்மனியின் அரசு ஆய்வு நிறுவனம் 2019-ல் எச்சரித்தது. ஆகவே ஓவனில் கேக் சுட அது வேண்டாம். ஃபீனைல்கீட்டோன்யூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்கள் அஸ்பார்டேமைத் தொடவே கூடாது.

2023-ல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அஸ்பார்டேமை, புற்றுநோய் தரக்கூடும் என்ற 2பி வகையில் சேர்த்த செய்தி பலரைக் கலங்கடித்தது. அதே நாளில் இன்னொரு நிபுணர் குழு, நாளுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய வரம்பை மாற்றவில்லை. 70 கிலோ எடையுள்ளவர் அந்த வரம்பைத் தாண்ட தினம் 9 முதல் 14 கேன் டயட் பானம் குடிக்க வேண்டும். அதே ஆண்டு, எடை குறைக்க இந்த இனிப்புகளை நம்ப வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு அந்தப் பரிந்துரை பொருந்தாது.

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்து, ஒன்றைத்தான் வாங்குவேன் என்றால், சூடான பானத்துக்கும் அடுப்புச் சமையலுக்கும் நான் மஞ்சளை எடுப்பேன். பாக்கெட்டின் பெரும்பகுதி குளுக்கோஸும் மால்டோடெக்ஸ்ட்ரினும்தான். 5 கலோரிக்குக் கீழே இருந்தால் பூஜ்யம் என்று அச்சிட அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கிறது. நாளுக்குப் பத்துப் பாக்கெட் போடுபவர் அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.