அடைமழையில் விழும் ஆர்.சி.சி.பி.: கஜாவிலிருந்து இன்றுவரை

திருத்துறைப்பூண்டியில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மச்சான் போனில் கேட்டார்: "மாப்ள, எல்லா லைனுக்கும் எம்.சி.பி. போட்டாச்சு. அதுக்கு மேல ஆர்.சி.சி.பி. வேணுமா? மழை வந்தா சும்மா சும்மா விழும், வேண்டாம்ங்கிறார் எலக்ட்ரீசியன்."

எம்.சி.பி. என்பது ஒரு லைனில் கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக அணைகிற சுவிட்ச். ஆர்.சி.சி.பி. என்பது கரண்ட் எங்காவது கசிந்தால் தானாக அணைகிற சுவிட்ச். அப்படி அணைவதைத்தான் விழுவது என்கிறோம். போனில் சொல்லி முடிகிற பதில் இல்லை. அதனால் எழுதுகிறேன். வீடு கட்டுகிற மற்றவர்களுக்கும் உதவும்.

எங்கள் வீடு மன்னார்குடி பக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் போன பிறகு வயரிங் முழுவதையும் மாற்றினோம். அப்போது மெயினுக்கு அடுத்து 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று வைத்தோம். வீடு முழுக்க அது ஒன்றுதான். கருவியில் இன்றுவரை கோளாறு கிடையாது.

முதலில் எம்.சி.பி. விஷயம். அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. கிரைண்டர் பாடியில் கரண்ட் இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டை மண்ணுக்குள் இறக்குகிற எர்த்தின் தடை 10 ஓம் என்றால் அதன் வழியாக ஓடுவது 23 ஆம்பியர். அதற்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழாது. அது விழும்வரை பாடியில் கரண்ட் நிற்கும், மாவு அள்ளுகிற கை ஈரமாக இருக்கும். ஆர்.சி.சி.பி. அப்படி இல்லை. ஃபேஸில் போகிற கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் 0.3 விநாடிக்குள் துண்டித்துவிடும். ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் மட்டும் அதற்குத் தெரியாது.

நம் டெல்டா மண்ணுக்கு இது எவ்வளவு பொருந்துகிறது என்பதை நான் எதிர்பார்க்கவில்லை. சித்திரையில் வயல் களி வெடித்துக் கிடக்கும். எர்த் குழி இருப்பதும் அதே மண்ணில்தான். உப்பும் கரியும் போட்ட குழியானாலும் தண்ணீர் ஊற்றாவிட்டால் காய்ந்து, தடை ஏறிவிடும். அந்த நிலையில் பாடிக்கு வந்த கரண்டுக்கு எம்.சி.பி. விழவே விழாது. ஆர்.சி.சி.பி.க்கோ எர்த் 100 ஓம் இருந்தாலும் போதும், விழுந்துவிடும். கோடையில் நிம்மதியாகத் தூங்குகிறேன் என்றால் அது இதனால்தான். ஒரே ஒரு எச்சரிக்கை. எர்த் ஒயர் துருப்பிடித்து அறுந்திருந்தால், ஆள் தொட்ட பிறகுதான் விழும். டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் விழுகிறது, எனவே எர்த் நன்றாக இருக்கிறது என்று பலர் நம்புகிறார்கள். அந்தப் பட்டன் சோதிப்பது கருவியை மட்டும். எர்த்தை மீட்டர் வைத்துத் தனியாகப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இனி என் கோபம்.

மேட்டூர் திறந்து பாமணியில் தண்ணீர் வந்ததும் கொல்லைச் சுவரில் ஓதம் ஏறத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சுவர் முழுக்க ஊறிவிடும். அந்த இரவுகளில் ஆர்.சி.சி.பி. விழும். விழுந்தால் வீடே இருட்டு. தூக்கிவிட்டால் சில நேரம் நிற்கும், சில நேரம் நிற்காது. எங்கோ கசிகிறது என்று சொல்கிற கருவி, எங்கே என்று சொல்லாது.

தேடிக் கண்டுபிடிக்கலாம் என்றால் அதிலும் ஒரு சிக்கல். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஒவ்வொன்றாக ஏற்றிப் பார்ப்பது வழக்கம். ஃபேஸ் கசிந்தால் அதில் பிடிபடும். எங்கள் வீட்டில் கசிந்தது கொல்லை விளக்கின் நியூட்ரல். ஜங்ஷன் பாக்ஸில் மழைத்தண்ணீர் இறங்கி, நியூட்ரலும் எர்த்தும் ஒட்டிக்கொண்டிருந்தன. வீடுகளில் போடுகிற சாதாரண எம்.சி.பி. ஃபேஸை மட்டுமே வெட்டும். விளக்கின் எம்.சி.பி. இறங்கியிருந்தாலும் நியூட்ரல் இணைந்தேதான் இருக்கும். வேறு லைனில் மோட்டாரோ அயர்ன் பாக்ஸோ ஓடும்போது அதன் கரண்டில் ஒரு பங்கு அந்த ஈரப் பெட்டி வழியாக மண்ணுக்குப் போய்விடும். உடனே விழும். பழி மோட்டார் மேல். மோட்டாரைக் கழற்றி காயில் கட்டுகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கசிவு பார்க்கிற மெகர் மீட்டரை வைத்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, நல்லா இருக்கு என்று திருப்பிக் கொடுத்தார்கள்.

இடையில் வந்த எலக்ட்ரீசியன் ஒருவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது: "பேசாம டைரக்ட் பண்ணிடட்டுமா சார்?" சுவர் சொட்டச் சொட்ட நனைந்திருக்கிறது, சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு நடக்கிறார்கள், அந்த நேரத்தில் காவலைக் கழற்றட்டுமா என்கிறார்! இப்படி டைரக்ட் பண்ணிய வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. பெட்டிக்குள் ஆர்.சி.சி.பி. அழகாக உட்கார்ந்திருக்கும், கரண்ட் அதைத் தொடாமல் போகும். வீட்டிலிருப்பவர்களுக்கு அது தெரியாது. கருவியே இல்லாத வீட்டில் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடவாவது பயப்படுவார்கள்.

அதனால் ஐந்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டால், இந்த மழைக்காலத்தில் என்னால் இரண்டுதான் கொடுக்க முடியும். வீட்டுக்கு ஒன்றே ஒன்று வைப்பதாக இருந்தால் நானே சிபாரிசு செய்ய மாட்டேன். நாலு ராத்திரி இருட்டில் உட்கார்ந்தால் எந்தக் குடும்பமும் டைரக்டுக்குச் சம்மதித்துவிடும். என் வீட்டில் இருப்பதை மட்டும் கழற்ற மாட்டேன். கழற்ற யாரையும் விடவும் மாட்டேன்.

மச்சானுக்கு என் பதில் இதுதான்: வேணும், ஆனா ஒண்ணு போதாது. மோட்டார், கொல்லை விளக்கு, வாசல் விளக்கு என்று மழையில் நனைகிற எல்லாவற்றுக்கும் ஒன்று. கீசர், வாஷிங் மெஷின், கிரைண்டருக்கு இன்னொன்று. ஃபேன், உள் விளக்கு, பிரிட்ஜுக்கு மூன்றாவது. மூன்றின் நியூட்ரலும் தனித்தனியாகப் பெட்டிவரை வர வேண்டும். ஒன்றின் நியூட்ரல் இன்னொன்றில் கலந்தால் மழையே இல்லாமலும் விழும். இன்வெர்ட்டர் வைக்கப்போகிறீர்கள் என்றால் அதன் நியூட்ரலையும் இப்போதே பேசிவிடுங்கள். சுவரில் பைப் புதைத்து வெறுமனே கிடக்கிறது என்றீர்களே, ஒயர் இழுப்பதற்குள் எலக்ட்ரீசியனை உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். இழுத்து முடித்துவிட்டால் அவர் பிரித்துப்போட மாட்டார்.