தக்காளிக் குழம்புக்கு எந்தச் சிவப்பு: நௌசாவா, நெமெயாவா?

கிரேக்கச் சிவப்பு வைனில் எதை வாங்குவது என்று யோசித்தால் கடைசியில் இரண்டு ஊர்கள்தான் எதிரெதிரே நிற்கும். வடக்கே மாசிடோனியாவில் வெர்மியோ மலைச்சரிவில் இருக்கும் நௌசா, அங்கே விளையும் க்ஸினோமவ்ரோ திராட்சை. தெற்கே பெலொப்பொனீசில் கொரிந்து பக்கம் இருக்கும் நெமெயா, அங்கே விளையும் அயோர்யீத்திகோ திராட்சை. இரண்டு ஊருக்கும் 1971இலேயே பிறப்பிடப் பெயர் உரிமை கிடைத்துவிட்டது. லேபிளில் அந்த உரிமையோடு ஊர்ப் பெயர் இருந்தால் உள்ளே இருப்பது அந்த ஊரின் ஒரே ரகம்; கலப்பு கிடையாது.

சாப்பாட்டோடு குடிக்க என்றால் என் கை நௌசா பக்கம்தான் போகும்.

நெமெயாவின் நல்ல குணங்கள் முதல் மடக்கிலேயே தெரிந்துவிடும். ஆழ்ந்த சிவப்பு நிறம், செர்ரி, பிளம் பழ மணம், கொஞ்சம் இனிப்பு மசாலா வாசனை, நாக்கைக் கடிக்காத மென்மையான துவர்ப்பு. திறந்தவுடன் ஊற்றலாம், 15 டிகிரி சூடு போதும். சிவப்பு வைனுக்குப் புதியவர்கள் வீட்டுக்கு வந்தால் இதைத்தான் திறக்க வேண்டும். கரியில் சுட்ட ஆட்டு விலா (பைதாக்கியா), பஸ்தீத்சியோ (கொத்திறைச்சி அடுக்கிச் சுட்ட பாஸ்தா), வறுத்த கெஃப்தேதெஸ் (இறைச்சி உருண்டை) எல்லாவற்றோடும் சண்டை இல்லாமல் போகும்.

வாங்கும்போது பார்க்க வேண்டியது தோட்டத்தின் உயரம். சமவெளி மண் வளமானது. அங்கே கொடியில் காய்ப்பைக் குறைக்காமல் விட்டால் நிறமும் சாரமும் நீர்த்துப்போகும், வெயிலில் புளிப்பும் கரைந்துவிடும். கூட்சி போன்ற நடுச்சரிவுத் தோட்டங்களில் பழமும் புளிப்பும் சமமாக நிற்கும். இன்னும் மேலே ஆஸ்ப்ரோகாம்போஸ் பக்கம் போனால் புளிப்பு கூடும். குளிர்ந்த ஆண்டுகளில் பழுப்பது சிரமம். அந்தப் பழம் ரோசேவுக்கு (இளஞ்சிவப்பு வைனுக்கு) அருமையாகப் பொருந்தும். லேபிளில் ஊரின் பெயரைத் தவிர வேறெதுவும் இல்லாத மலிவான நெமெயா பெரும்பாலும் கீழ்நிலத்துச் சரக்காகத்தான் இருக்கும்.

இனி க்ஸினோமவ்ரோ. பெயரின் பொருளே ‘புளிப்புக் கறுப்பு’. ஆனால் கிளாஸில் ஊற்றினால் கறுப்பு எங்கே என்று தேட வேண்டியிருக்கும். நிறம் வெளிறியது, சில ஆண்டுகளிலேயே ஓரம் செங்கல் நிறமாகிவிடும். கெட்டுப்போனதென்று நினைத்துக் கொட்டிவிடாதீர்கள், ரகத்தின் இயல்பே அதுதான். மணத்தில் வெயிலில் உலர்த்திய தக்காளி, ஆலிவ், ஸ்ட்ராபெரி. வாயில் கூர்மையான புளிப்பும் ஈறைப் பிடிக்கும் துவர்ப்பும். இத்தாலியின் நெபியோலோ திராட்சையோடு இதை ஒப்பிடுவது வழக்கம். நிறம், புளிப்பு, துவர்ப்பு மூன்றிலும் அந்த ஒப்பீடு நியாயமானதே.

என் முடிவைத் தீர்மானிப்பது அந்தப் புளிப்புதான். கிரேக்க வீட்டுச் சமையலில் பாதி தக்காளியில் வேகிறது. மாட்டிறைச்சிக் கொக்கினிஸ்தோ, தக்காளியோடு வினிகரும் சின்ன வெங்காயமும் பட்டையும் சேரும் ஸ்திஃபாதோ, சீரகம் மணக்கும் இறைச்சி உருண்டையான சுத்சுகாக்கியா, தக்காளிக்குள் அரிசி அடைத்த யெமிஸ்தா. உணவின் புளிப்பு வைனின் புளிப்பைத் தாண்டினால் நாக்குக்கு வைன் சப்பென்று ஆகிவிடும். பழச்சுவை மறைந்து சாராயத்தின் சூடு மட்டும் மிஞ்சும். சமவெளி நெமெயாவை ஸ்திஃபாதோவோடு வைத்தால் நடப்பது இதுதான். க்ஸினோமவ்ரோவோ உணவின் புளிப்புக்கு ஈடுகொடுக்கிறது. இறைச்சியின் கொழுப்பும் புரதமும் அதன் துவர்ப்பைத் தணிக்கின்றன, உலர்ந்த தக்காளி மணம் குழம்போடு சேர்ந்துகொள்கிறது. தனியாகக் குடித்தபோது முரடாகத் தெரிந்த அதே வைன் தட்டுக்குப் பக்கத்தில் வந்ததும் இணக்கமாகிவிடும்.

கையில் நெமெயா மட்டும்தான் இருக்கிறதென்றால் சமையலை மாற்றலாம். வினிகரைப் பாதியாக்குங்கள். தக்காளி விழுதை எண்ணெயில் நிறம் கருக்கும்வரை வதக்குங்கள். இனிப்பு மேலே வரும். இறக்கியபின் கெஃபாலொத்தீரி சீஸைத் துருவிப் போட்டால் உப்பும் கொழுப்பும் சேர்ந்து வைனைத் தூக்கிப்பிடிக்கும்.

க்ஸினோமவ்ரோ ஒத்துப்போகாத இடங்களும் உண்டு. மீனோடு வைத்தால் வாயில் உலோகச் சுவை வரலாம். மிளகாய்க் காரம் அதன் துவர்ப்போடு சேர்ந்து எரிச்சலாகும். காரமான தட்டுக்கு நெமெயாவே நல்லது, அதையும் சற்றுக் குளிரவைத்து. ஆண்டையும் பார்க்க வேண்டும். தாமதமாகப் பழுக்கும் ரகம் இது. அறுவடைக்கு முன் மழை பிடித்துக்கொண்டால் பழம் அழுகும், அல்லது தோலும் விதையும் பச்சையாகவே நின்று கசப்பேறும்.

நௌசாவுக்குக் கொஞ்சம் பொறுமையும் வேண்டும். 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் துவர்ப்பு இறுகிவிடும். ஐந்து வயதுக்கு உட்பட்ட பாட்டிலை அகன்ற குடுவைக்கு மாற்றி ஒன்றரை மணி நேரம் காற்றாட விடுங்கள். பதினைந்து வயதைத் தாண்டியதென்றால் முறையே வேறு: வண்டல் அடியில் தங்க முந்தின நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், கழுத்துக்குப் பின்னால் வெளிச்சம் பிடித்து மெதுவாக ஊற்றுங்கள், வண்டல் கழுத்துக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஊற்றிய அரைமணிக்குள் குடித்துவிட வேண்டும், பழைய மணம் அதிக நேரம் நிற்காது. நல்ல நௌசா பத்து, பதினைந்து ஆண்டு தாராளமாகத் தாங்கும். 13 டிகிரி வாக்கில், இருட்டில், படுக்கவைத்துச் சேமித்திருந்தால் மட்டும். உயரத் தோட்டத்து நெமெயாவும் பத்தாண்டைத் தொடும் என்றாலும், எல்லாப் பாட்டிலுக்கும் அதை அடித்துச் சொல்லமாட்டேன்.

இவ்வளவு காத்திருக்க முடியாதவர்களுக்கு நடுவழி, வடக்கிலேயே இருக்கும் இன்னொரு ஊரான அமிந்தேயோ. அதே க்ஸினோமவ்ரோதான், ஆனால் ஏரிகள் சூழ்ந்த, சுமார் 600 மீட்டர் உயரப் பீடபூமியின் மணல் நிலத்தில் விளைவது. வாயில் கனம் குறைந்தது, துவர்ப்பு தணிந்தது, இளசாகவே குடிக்கலாம். அதன் ரோசேயை நன்றாகக் குளிரவைத்து யெமிஸ்தாவோடு வைத்துப் பாருங்கள்.

பாட்டிலில் மிச்சம் இருந்தால் இரண்டையுமே தக்கை அடைத்துக் குளிர்பெட்டியில் வையுங்கள். நெமெயாவை மறுநாளே முடித்துவிடுங்கள், பழமணம் சீக்கிரம் மங்கிவிடும். இளம் க்ஸினோமவ்ரோ இரண்டாம் நாள் துவர்ப்பு தளர்ந்து, பெரும்பாலும் முதல் நாளைவிட நன்றாகவே இருக்கும். குடிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.