படிவம் வந்தால் பாடமா, வராவிட்டாலும் பாடமா: டெக்சாஸும் கலிஃபோர்னியாவும்

2023இல் டெக்சாஸின் டல்லாஸ் புறநகரை விட்டுக் கலிஃபோர்னியாவுக்குக் குடிபெயரலாமா என்று யோசித்தபோது, வாடகைக்கு அடுத்தபடியாக எங்கள் வீட்டில் அதிகம் பேசப்பட்டது இரு மாநிலங்களின் பாலியல் கல்விச் சட்டங்கள்தாம்.

பாடத்திலுள்ள வேறுபாடு பலரும் அறிந்ததே. டெக்சாஸ் சட்டம் இப்பாடத்தைக் கட்டாயமாக்கவில்லை; நடத்தும் பள்ளிகள் உடலுறவைத் தவிர்ப்பதற்கே முதலிடம் தர வேண்டும் என்கிறது. கலிஃபோர்னியாவில் 2016 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, கருத்தடையும் எச்.ஐ.வி. தடுப்பும் அடங்கிய பாடத்தை நடுநிலைப் பள்ளியில் ஒரு முறையும் உயர்நிலைப் பள்ளியில் ஒரு முறையும் நடத்தியே ஆக வேண்டும்.

என் முடிவைத் தீர்மானித்தது ஒப்புதல் படிவம். டெக்சாஸில் 2021இல் நிறைவேறிய சட்டம், பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் மட்டுமே மாணவரை அவ்வகுப்பில் சேர்க்கலாம் என்றது; படிவத்தைப் பதினான்கு நாள் முன்னதாகவே அனுப்பவும் சொன்னது. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் வேண்டாம் என்று மறுத்தவரும் கையெழுத்திட மறந்தவரும் அதில் ஒன்றாகிவிடுகிறார்கள். 2022இல், ஏழாம் வகுப்பிலிருந்த என் மகளின் பைக்கு அடியில், சாப்பாட்டு டப்பாவின் எண்ணெய்க் கறையோடு மடிந்து கிடந்த படிவம், பாடம் தொடங்கிய மறுநாள்தான் என் கண்ணில் பட்டது. நாங்கள் மறுக்கவே இல்லை. ஆயினும் அந்த வாரம் முழுவதும் அவள் நூலகத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு வேலை பார்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும், ஆங்கிலப் படிவத்தைப் படிக்கத் தடுமாறும் பெற்றோரின் பிள்ளைகளுக்கும் இது இன்னும் எளிதில் நேரக்கூடியது.

கலிஃபோர்னியாவில் மறுப்பவர்தான் எழுதித் தர வேண்டும். பாடம் முழுவதையுமோ ஒரு பகுதியையோ மறுக்கலாம்; முன்ஒப்புதலைக் கட்டாயமாகக் கேட்கக் கூடாது என்று பள்ளி மாவட்டங்களுக்கே (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நிர்வகிக்கும் அமைப்புகளுக்கே) தடை இருக்கிறது. இங்கு குடிபெயர்ந்தபின் மகனுக்கு அறிவிப்பு வந்ததும் பள்ளிக்குப் போய்ப் பாடப்பொருளைப் புரட்டிப் பார்த்தேன். பக்கத்தில் இருந்த ஒரு தாய் மறுப்புக் கடிதம் கொடுத்தார். யாரும் அவரிடம் காரணம் கேட்கவில்லை.

டெக்சாஸின் பக்கம் ஒரு நல்ல அம்சம் உண்டு: பள்ளி மாவட்டத்தின் சுகாதார ஆலோசனைக் குழுவில் பெரும்பான்மையினர், அங்கு பணிபுரியாத பெற்றோராக இருக்க வேண்டும். அக்கூட்டத்துக்கு ஒரு முறைகூடப் போகாத நான், அது நடைமுறையில் எவ்வளவு பயன்படுகிறது என்று தீர்ப்புச் சொல்வது சரியாகாது. மேலும், இரு மாநிலங்களிலும் நான் கண்டது மாநிலத்துக்கு ஒரு பள்ளி மாவட்டத்தை மட்டுமே.

இங்கு வந்தபோது மகள் எட்டாம் வகுப்பு. இந்தப் பள்ளியிலோ இப்பாடம் ஏழாம் வகுப்புக்கு உரியது. அதனால் அவள் இதை முதன்முதலாகக் கேட்டது ஒன்பதாம் வகுப்பில்தான்.