நீராவியா, மின்சாரமா?

தொழில் முந்தியதா, அறிவியல் முந்தியதா? இங்கே பெங்களூரு அல்சூர் டீக்கடையில் கேட்டால் இரண்டு பக்கமும் ஆள் சேரும்.

நீராவியில் தொழில்தான் முந்தியது. சுரங்கத்து நீரை இறைக்க நியூகமன் என்ற இரும்பு வியாபாரி 1712-லேயே இயந்திரம் செய்துவிட்டார். அதன் அறிவியல் கொள்கையைப் பிரெஞ்சுப் பொறியாளர் கார்னோ எழுதியது 1824-ல்!

மின்சாரம் நேர்மாறு. விஞ்ஞானி ஃபாரடே 1831-ல் மின்தூண்டலை, அதாவது காந்தத்தை அசைத்து மின்சாரம் உண்டாக்கும் வழியை, கண்டுபிடித்தார். முதலாளிகள் பிறகுதான் வந்தார்கள். காவிரியின் சிவனசமுத்திர அருவியில் எடுத்த மின்சாரம் 1902-ல் முதலில் எங்கே போனது? கோலார் தங்கவயலுக்கு. பெங்களூரு 1905 வரை காத்திருந்தது. சரி, லாபம் தங்கத்தில்தானே. ஆனால் அங்கே குழிக்குள் இறங்கிய தமிழர்களுக்கு வெக்கையும் பாறைத்தூசியும் குறையவில்லை.

எனக்கு நீராவிக் கதைதான் பிடிக்கும். அதிலாவது பட்டறைக்காரன் பெயர் மிஞ்சியிருக்கிறது.