கோயில் எந்த வகையைச் சேர்ந்தது? விக்கித்தரவின் கட்டட வகைப்பாடு குறித்து ஒரு மதிப்புரை

பழைய கோயில்கள், சத்திரங்கள், பாலங்கள், மதகுகள் ஆகியவற்றைப் பட்டியலிடும் சிறு குழு ஒன்றில் சில ஆண்டுகளாகப் பங்கேற்று வருகிறேன். அந்தப் பட்டியலை வைப்பதற்கு நாங்கள் தேர்ந்தெடுத்த இடம், விக்கிப்பீடியாவின் துணைத் திட்டமான விக்கித்தரவு. 2012 அக்டோபரில் தொடங்கப்பட்டு, பத்துக் கோடிக்கும் மேற்பட்ட உருப்படிகளாக (ஒரு பொருளுக்கோ கருத்துக்கோ உரிய தனிப்பதிவே உருப்படி) வளர்ந்திருக்கும் இந்தத் தரவுத்தளத்துக்குக் கட்டணம் இல்லை; விளம்பரம் இல்லை; உள்ளே இருக்கும் தரவு சிசி0 உரிமத்தில் இருப்பதால் யாரும் எடுத்தாளலாம்; எல்லாவற்றுக்கும் மேலாக, பெயர்களைத் தமிழிலேயே இட்டுத் தமிழிலேயே தேட முடிகிறது. இந்த மதிப்புரை அதன் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கட்டடங்களையும் ஏனைய கட்டுமானங்களையும் அது எப்படி வகைப்படுத்துகிறது, அந்த வகைப்பாட்டை நம்பி எவ்வளவு தூரம் போகலாம் என்பதே கேள்வி.

அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் உருப்படியிலும் 'இது எந்த வகையைச் சேர்ந்தது' என்று சொல்லும் பண்பு ஒன்று உண்டு; அதன் எண் பி31. வகைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கும் பண்பின் எண் பி279. கட்டடம் என்னும் வகைக்கு கியூ41176 என்றும், அதற்கு மேலே உள்ள கட்டடக்கலைக் கட்டுமானம் என்னும் பரந்த வகைக்கு கியூ811979 என்றும் எண்கள் தரப்பட்டுள்ளன. ஸ்பார்க்கில் என்னும் வினவல் மொழியில் ஒற்றை வரி எழுதினால், கட்டடம் என்ற சொல்லையே பயன்படுத்தாத பள்ளிவாசல் உருப்படியும் மாளிகை உருப்படியும் அடுக்கு வழியே தேடலுக்குள் வந்துவிடும். கருத்துகளை இப்படி உறவோடு அடுக்குவதைத்தான் கணினித் துறையினர் ஆன்டாலஜி என்கிறார்கள். அடுக்கு சரியாக இருக்கும்வரை இது பெரிய வசதி. அடுக்கின் மேல்படியில் ஒரு பிழை நேர்ந்தால், கீழே உள்ள ஆயிரக்கணக்கான உருப்படிகளும் அந்தப் பிழையை மரபுரிமையாகப் பெற்றுவிடும் என்பது அதன் மறுபக்கம்.

கட்டடங்களில் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பதைக் காட்ட, சென்னையில் எல்லோரும் அறிந்த ஒரு கட்டடமே போதும். ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் சட்டமன்றத்துக்கும் தலைமைச் செயலகத்துக்குமாகக் கட்டப்பட்டு 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட வளாகம், 2014இல் பன்னோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாயிற்று. இடைப்பட்ட காலத்தில் சட்டமன்றம் புனித ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பிவிட்டது. இப்போது இந்த உருப்படியின் பி31 கட்டத்தில் எதை எழுதுவது? சட்டமன்றக் கட்டடம் என்று எழுதினால் அது எதற்காகக் கட்டப்பட்டது என்பதைச் சொல்கிறோம். மருத்துவமனை என்று எழுதினால் இன்று அங்கே என்ன நடக்கிறது என்பதைச் சொல்கிறோம். வெறுமனே கட்டடம் என்று எழுதினால் பிழை இல்லை, ஆனால் தேடுபவருக்குப் பயனும் இல்லை. கட்டியவர் நோக்கம், வடிவம், இன்றைய பயன்பாடு, உள்ளே குடியிருக்கும் நிறுவனம் என்ற நான்கு வேறுவேறு செய்திகளை ஒரே கட்டம் சுமக்க வேண்டியிருக்கிறது என்பதே என் முதன்மையான குறை. பல விடைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதவும், ஒவ்வொன்றுக்கும் தொடக்க ஆண்டு, முடிவு ஆண்டு சேர்க்கவும் விக்கித்தரவு இடம் தருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். பயன்பாட்டுக்கு பி366, குடியிருப்பவருக்கு பி466 என்று தனிப் பண்புகளே இருக்கின்றன. கருவிகள் எல்லாம் கையில் இருக்க, எல்லாவற்றையும் பி31இல் கொட்டும் வழக்கம்தான் பரவலாக இருக்கிறது. ஏனெனில் உருப்படியைத் திறந்தவுடன் கண்ணில் படும் முதல் கட்டம் அதுவே.

இதே இடத்தில், தன்னார்வலர்கள் உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் எடுத்த முடிவு எனக்குத் தெளிவாகப் படுகிறது. அங்கே 'பில்டிங்' என்ற குறிச்சொல் கட்டடம் எந்த வகையாகக் கட்டப்பட்டது என்பதையும், 'அமெனிட்டி' என்ற குறிச்சொல் இன்று அங்கே என்ன நடக்கிறது என்பதையும் சொல்கின்றன. தேவாலயமாகக் கட்டப்பட்ட ஒன்று பிற்பாடு நூலகமானாலும், கட்டடக் குறிச்சொல்லில் தேவாலயமாகவே நீடிக்கலாம். நூலகம் என்பது மற்றொரு குறிச்சொல்லில் வந்து சேரும். நுட்பமான அடுக்கு எதுவும் அங்கே இல்லை. இரண்டு கேள்விகளை இரண்டாகவே வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்; வரைபடத்தில் வீடு குறிக்கும் புதியவரும் ஒரு நாளில் பழகிவிடுகிறார்.

நிறுவனத்தையும் கட்டடத்தையும் ஒன்றாக எண்ணுவது இதைவிடப் பெரிய சிக்கல். நம் பேச்சில் இது இயல்பு. 'ஆஸ்பத்திரிக்கு வெள்ளையடிக்கிறார்கள்' என்றால் சுவருக்கு. 'ஆஸ்பத்திரி ஆள் எடுக்கிறது' என்றால் நிறுவனம். கேட்பவருக்கு ஒரு கணமும் குழப்பம் வராது, இயந்திரத்துக்கு வரும். சென்னை அரசு பொது மருத்துவமனையின் வரலாறு 1664இல் கோட்டைக்குள் தொடங்குகிறது. இன்றைய இடத்துக்கு அது 1772இல் வந்தது. இன்று நோயாளிகள் ஏறி இறங்கும் உயர்ந்த கட்டடத் தொகுதிகளோ இந்த நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரே உருப்படியில் மருத்துவமனை என்று வகை சொல்லி, தொடக்கம் 1664 என்று எழுதி, மருத்துவமனை என்னும் வகுப்பை, அதாவது வகையை, கட்டடத்தின் கீழ் அடுக்கினால், பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடங்களைத் தேடும் மாணவருக்குப் பல மாடிக் கான்கிரீட் கட்டடம் ஒன்று விடையாகக் கிடைக்கும். எழுதிய ஒவ்வொரு வரியும் தனித்தனியே உண்மை; சேர்ந்து தரும் விடை பொய்.

விக்கித்தரவு இதை உணர்ந்தே பள்ளி வேறு, பள்ளிக் கட்டடம் வேறு, அருங்காட்சியகம் வேறு, அருங்காட்சியகக் கட்டடம் வேறு என்று இணை வகுப்புகளை வைத்திருக்கிறது. இது நேர்மையான தீர்வு என்றே கருதுகிறேன். ஆனால் முழுமையாகக் கடைப்பிடித்தால் ஒவ்வோர் ஊர்ப் பள்ளிக்கும் இரண்டு உருப்படிகள் வேண்டும், இரண்டையும் இணைக்க வேண்டும், இரண்டையும் காலம்தோறும் பேண வேண்டும். தன்னார்வலர்கள் மட்டுமே உழைக்கும் இடத்தில் இது எளிதன்று. கூகுள், மைக்ரோசாஃப்ட், யாகூ நிறுவனங்கள் 2011இல் தொடங்கிய, இணையப் பக்கத் தகவலைத் தேடுபொறிகளுக்குப் புரியவைக்கும் சொல்தொகுதியான ஸ்கீமா.ஆர்க் நேர் எதிர்த் திசையில் போயிற்று. அங்கே மருத்துவமனை என்பது பொதுக் கட்டுமானத்தின் கீழும் மருத்துவ நிறுவனத்தின் கீழும் ஒருசேர அமர்ந்திருக்கிறது. முகவரியும் திறந்திருக்கும் நேரமும் காட்டினால் போதும் என்னும் தேடுபொறிக்கு அது பொருந்துகிறது. எது எப்போது கட்டப்பட்டது என்று கேட்பவருக்கு அது உதவாது.

கோயிலுக்கு வருவோம், எங்கள் பணியில் பெரும்பாதி அதுதான். காவிரிப் படுகையின் சிற்றூர் ஒன்றில் பதிவுக்காகச் சுற்றுச்சுவரின் நீளத்தைக் குறித்துக்கொண்டிருந்தபோது, கோயில் காவலரான முதியவர் ஒருவர், "தம்பி, குளத்தை விட்டுட்டீங்களே, அதுவும் கோயில்தானே" என்றார். சுவருக்கு வெளியே, தெருவைத் தாண்டி இருந்தது அந்தக் குளம். அவர் சொன்னது முற்றிலும் சரி. தமிழில் கோயில் என்பது ஒரு கட்டடத்தின் பெயரன்று; கருவறை, விமானம், மண்டபம், திருச்சுற்று, கோபுரம், குளம், சில ஊர்களில் தேர் நிற்கும் தெரு வரை அடங்கிய ஒரு தொகுதியின் பெயர். அதைக் கட்டடத்தின் துணை வகுப்பாக வைத்தால் தொகுதியின் பகுதிகளுக்குரிய செய்திகள் எல்லாம் முழுமையின் தலையில் ஏறிவிடும். தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் நிறைவுற்றது என்று எழுதுகிறோம். அதே வளாகத்தில் நந்தி மண்டபமும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை. உயரம் ஏறத்தாழ 66 மீட்டர் என்று எழுதுகிறோம். அது விமானத்தின் உயரம், கோயிலின் உயரம் அன்று. கோயிலுக்கு உயரம் என்று ஒன்று இருக்கவே முடியுமா என்று எங்கள் குழுவில் ஒரு மாலை முழுவதும் பேசினோம். விமானத்துக்கும் கோபுரத்துக்கும் தனி உருப்படிகள் தொடங்கி, 'இதன் பகுதி' என்னும் பி361 வழியே கோயிலோடு இணைப்பது என்று முடிவு செய்தோம்.

அமெரிக்காவின் கெட்டி என்னும் கலை நிறுவனம் பேணும் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியம் இந்த வேறுபாட்டை அடித்தளத்திலேயே வைத்திருக்கிறது: தனிக் கட்டுமானங்கள் ஒரு கிளை, கட்டுமானத் தொகுதிகளும் வட்டாரங்களும் வேறொரு கிளை. சட்டமன்றமும், 1680ஆம் ஆண்டுத் தேவாலயமும், அருங்காட்சியகமும் உள்ளடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை போன்ற ஒன்றை எங்கே வைப்பது என்று அங்கே நீண்ட நேரம் யோசிக்க வேண்டியதில்லை.

இன்னும் ஆழமான கேள்வி மாமல்லபுரத்தில் காத்திருக்கிறது. கட்டடம் என்றால் கட்டப்பட்டது. ஐந்து ரதங்களோ கட்டப்படவே இல்லை. பாறையை மேலிருந்து செதுக்கிச் செதுக்கி வெளியே எடுத்தவை. கல்லை அடுக்கி எழுப்பிய கடற்கரைக் கோயிலும் அவையும் ஒரே ஊரில் நிற்கின்றன. ஒரே உலகப் பாரம்பரியச் சின்னத்தில் 1984 முதல் அடங்குகின்றன. மண்டகப்பட்டுக் குடைவரையில் முதலாம் மகேந்திரவர்மன், செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி இதை ஆக்குவித்ததாகக் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான். ஏழாம் நூற்றாண்டில் அந்த அரசன் பெருமையோடு சுட்டிக்காட்டிய வேறுபாட்டை, எல்லாம் கோயில், கோயில் என்பது கட்டடம் என்ற இரண்டே படிகளில் இழந்துவிடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தமிழில் இதற்குரிய சொற்கள் ஆயத்தமாகவே உள்ளன: பாறையின் உள்ளே குடைந்தது குடைவரை, ஒரே பாறையைக் கோயில் வடிவில் செதுக்கியது ஒற்றைக் கற்றளி, கல்லடுக்கி எழுப்பியது கற்றளி. அருங்காட்சியகங்களின் பண்பாட்டுத் தரவுக்காக உருவாகி, ஐஎஸ்ஓ 21127 என்னும் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட சிஐடிஓசி சிஆர்எம் மாதிரி, தனித்து நிற்கும் மனித ஆக்கத்தையும் வேறொரு பொருளின் மேல் அமைந்த மனித ஆக்கக் கூறையும் இரு வகுப்புகளாகப் பிரிக்கிறது. பாறையோடு ஒட்டியே நிற்கும் குடைவரைக்கு அந்தப் பிரிப்பு மிகவும் பொருந்தும்.

கோபுரங்கள், மாடிக் கட்டடங்கள் பற்றிய வழக்கு இதைவிட எளிது. உயரமான கட்டடங்களைப் பட்டியலிடும் பன்னாட்டு மன்றம், உயரத்தில் பாதிக்குக் குறையாமல் புழங்கத்தக்க தளங்கள் இருந்தால்தான் கட்டடம் என்று விதி வகுத்திருக்கிறது. அதனால் 828 மீட்டர் புர்ஜ் கலிஃபா கட்டடம். 553 மீட்டர் உயரமுள்ள டொராண்டோவின் சிஎன் கோபுரம் கட்டடம் அன்று. விதியோடு உடன்படாதவர்கூட அது என்ன விதி என்பதை ஒரே வரியில் தெரிந்துகொள்ளலாம். விக்கித்தரவின் வகுப்புப் பக்கங்களில் இப்படி ஒரு வரி விளக்கம் இருந்தால் பல விவாதங்கள் எழவே எழா. தமிழில் இது இன்னும் தேவை, ஏனெனில் கட்டடம், கட்டிடம் என்ற இரு வடிவங்களும் புழங்குகின்றன. கட்டப்பட்டது கட்டடம், கட்டுவதற்குரிய இடம் கட்டிடம் என்று இலக்கணம் அறிந்தோர் பிரிப்பதுண்டு; நாளிதழ்களோ இரண்டையும் ஒரே பொருளில் எழுதுகின்றன. பொருளையும் இடத்தையும் பிரிக்கும் இந்த நுட்பமே ஆன்டாலஜி அறிஞர்களின் முதற்பெரும் வழக்கு என்பதை எண்ணி வியக்கிறேன்.

பாலங்களில் கேள்வி ஒன்றே ஒன்றுதான்: பழையது போய்ப் புதியது வந்தால் உருப்படி ஒன்றா, இரண்டா? 1914இல் திறந்த பாம்பன் பாலமும் அதன் அருகே 2025 ஏப்ரலில் திறந்த செங்குத்துத் தூக்குப் பாலமும் இரண்டே. அதில் எனக்கு ஐயமில்லை.

குறைகள் இத்தனை இருந்தும் எங்கள் பட்டியலை நாங்கள் வேறிடத்துக்கு மாற்றவில்லை. வகைப்பாட்டை யாரும் திருத்தலாம் என்பது இங்கே ஆபத்தும் ஆகிறது, மருந்தும் ஆகிறது. ஓர் அடுக்கு தவறென்று கண்டால் பேச்சுப் பக்கத்தில் காரணம் எழுதி அதை மாற்ற வழி இருக்கிறது, அந்தப் பேச்சு அனைவர் பார்வைக்கும் நிலைக்கிறது. வரைபடம் மட்டும் வேண்டியவர்களுக்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் போதும். அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ பணியாற்றுபவர்கள் சிஆர்எம் மாதிரியைக் கற்கச் செலவிடும் நேரம் வீண் போகாது. எங்களைப் போன்ற சிறு குழுக்களுக்கு விக்கித்தரவையே பரிந்துரைக்கிறேன், ஒரு பழக்கத்தோடு: பி31இல் கட்டுமானத்தின் வகையை மட்டும் எழுதுங்கள், பயன்பாட்டை பி366இல் ஆண்டோடு எழுதுங்கள், நிறுவனம் என்றால் தனி உருப்படி தொடங்குங்கள். ஸ்பார்க்கில் கேள்விகளுக்கு விடை தரும் விக்கித்தரவின் வினவல் சேவை ஒரு கேள்விக்கு 60 நொடிகளே தருவதால், நாடு முழுவதையும் ஒரே வீச்சில் கேட்காமல் மாவட்டம் மாவட்டமாகக் கேளுங்கள். வரும் எண்ணிக்கையைக் கட்டுரையில் எடுத்தாள்வதற்கு முன், விடையிலுள்ள பத்து உருப்படிகளையாவது திறந்து, அவை எந்தப் படிகள் வழியாகக் கட்டடம் என்ற வகுப்புக்கு வந்து சேர்ந்தன என்று மேல்நோக்கிப் பார்த்துவிடுங்கள்.